வரிக் குறைப்பு நிலைக்குமா, திரும்புமா? மலைத் தோட்டக்காரர்கள் கணக்குப் போடும் முறை

தேயிலைச் செடியை ஒருமுறை நட்டால் ஐம்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து தரும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் நிழல்மரத்தில் ஏற்றிய மிளகுக்கொடி முழுக் காய்ப்புக்கு வரவே ஏழெட்டு ஆண்டு ஆகும். ஆனால் இறக்குமதி வரி ஒரு அரசிதழ் அறிவிப்பில் மாறிவிடும். தோட்டத்தைப் பிடுங்கிவிட்டு கேரட் போடலாமா, ஃபேக்டரிக்குப் புது இயந்திரக் கடன் வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு இன்றைய வரி எத்தனை சதவீதம் என்று தெரிந்தால் போதாது. வரியையும் தடையையும் குறைத்து இறக்குமதிக்குக் கதவைத் திறக்கும் இந்தத் திறப்பு பத்து ஆண்டு தாங்குமா, இரண்டே ஆண்டில் திரும்பிவிடுமா என்றும் கணிக்க வேண்டும்.

வளரும் நாடுகளில் இரண்டுமே நிறைய நடந்திருக்கிறது. 19 நாடுகளில் நடந்த 36 திறப்பு முயற்சிகளை உலக வங்கி 1980களில் ஆராய்ந்தது. அவற்றில் பல பாதியிலோ முழுவதுமோ கவிழ்ந்தன. கவிழ்ந்தவற்றுக்கும் நிலைத்தவற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை நான்கு இடங்களில் தேடலாம். அந்த நான்கும் சம எடை கொண்டவை அல்ல. மொத்தம் பத்து மதிப்பெண்ணில் காகிதத்துக்கு ஒன்று, மாற்று விகிதத்துக்கு நான்கு, யாருக்கு லாபம் என்பதற்கு மூன்று, அரசின் வருவாய்க்கு இரண்டு. சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து நோட்டும் பேனாவும் வைத்தே இந்தக் கணிப்பைப் போட முடியும்.

எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது?

முதல் வேலை, உங்கள் பொருளின் சுங்க எண்ணைக் கண்டுபிடிப்பது. தேயிலை 0902, மிளகு 0904, பூண்டு 070320, கேரட் 070610. எண் இல்லாமல் "தேயிலை வரி" என்று பேசினால் கிரீன் டீயும் மொத்த மூட்டை பிளாக் டீயும் குழம்பிப்போகும். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பொதியில் வரும் கறுப்புத் தேயிலை 090240. குன்னூர் ஏலத்தோடு போட்டி போடுவது அதுதான்.

பிறகு அந்த எண்ணுக்கு நேராக மூன்று விகிதங்களைக் குறியுங்கள். இப்போது வசூலிக்கும் வரி, உலக வர்த்தக அமைப்பிடம் இந்தியா ஒப்புக்கொண்ட உச்சவரம்பு, ஒப்பந்த நாடுகளுக்கான சலுகை வரி. தேயிலைக்கு வசூல் வரி 100 சதவீதம், உச்சவரம்பு 150. ஆசியான் (தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு) நாடுகளுக்கு 2010இல் தொடங்கிய ஒப்பந்தப்படி 100இலிருந்து படிப்படியாக 2019 முடிவில் 45க்கு இறங்கியது. இலங்கைக்கு 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரை 7.5 சதவீதத்தில் வர அனுமதித்தது.

வசூல் வரிக்கும் உச்சவரம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி, யாரிடமும் கேட்காமல் அரசு வரியை ஏற்றிக்கொள்ளக்கூடிய இடம். நம் தேயிலையிலேயே இது நடந்தது. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் தோற்ற இந்தியா, 2000, 2001 ஏப்ரல் முதல் தேதிகளில் 1,400க்கும் மேற்பட்ட பொருள்களின் இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டை நீக்கியது. பெரிய திறப்பு என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் 2001 பட்ஜெட்டில் தேயிலை வரி 35இலிருந்து 70 ஆனது. 2002 பட்ஜெட்டில் 100 ஆனது. ஒரு கையால் திறந்ததை இன்னொரு கையால் மூடினார்கள், சட்டத்தை மீறாமலேயே. ஒப்பந்த வரி அப்படி இல்லை. 45ஐத் திரும்ப 100 ஆக்க எதிர்த்தரப்போடு பேசித்தான் ஆக வேண்டும்.

காகிதத்தின் வலிமையையும் பாருங்கள். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் தரும் விலக்கு, அமைச்சகத்தின் ஓர் அறிவிப்பு, நினைத்தால் எடுத்துவிடலாம். 1992ஆம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இறக்குமதியைத் தடுப்பதும் அதே அளவு எளிது. சுங்க வரிச் சட்டத்தின் அட்டவணையில் எழுதிய வரி கொஞ்சம் கெட்டி. வெளிநாட்டு ஒப்பந்தம் இன்னும் கெட்டி. இருந்தாலும் இந்தக் காகித வேலைக்கு மொத்தக் கணிப்பில் பத்துக்கு ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் தரக்கூடாது. வேறு மூன்றும் சரியில்லாவிட்டால் எந்தக் கெட்டியான காகிதமும் தாங்கியதில்லை.

மாற்று விகிதம்: நான்கு மதிப்பெண்

திறப்புகள் கவிழ்வதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது பணத்தின் மதிப்பு. வரியைக் குறைத்தால் இறக்குமதி மலிவாகி டாலர் தேவை கூடும். அதை ஈடுகட்ட ஏற்றுமதி கூட வேண்டும்; அதற்கு உள்நாட்டுப் பணம் மலிவாக இருக்க வேண்டும். வரியையும் குறைத்துவிட்டுப் பணத்தின் மதிப்பையும் உயரத்தில் பிடித்து வைத்தால் உள்ளூர் உற்பத்தியாளர் இரண்டு பக்கமும் அடி வாங்குவார். கடைசியில் டாலர் தீரும்; கட்டுப்பாடு திரும்பும்.

சிலி இதற்குச் சரியான பாடம். 1979க்குள் கிட்டத்தட்ட எல்லாப் பொருளுக்கும் ஒரே 10 சதவீத வரி என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு டாலருக்கு 39 பெசோ என்று மாற்று விகிதத்தைக் கட்டிப்போட்டார்கள். உள்நாட்டு விலைவாசி ஏறிக்கொண்டே இருந்தது. 1982இல் வங்கிகளும் கம்பெனிகளும் சரிந்தன. 1984 செப்டம்பரில் வரி 35 சதவீதம் ஆனது. இதுவரை வழக்கமான கதை. ஆனால் சிலி பெசோவை நன்றாக இறங்க விட்டது. பழமும் மரமும் மீனும் ஏற்றுமதியாகத் தொடங்கின. 1988இல் வரி 15 சதவீதம், 1991இல் 11, 2003இல் 6. வரியை ஏற்றிய பிறகும் நாணயத்தைச் சரியாக வைத்திருந்ததால் திறப்பு பிழைத்து எழுந்தது.

இதை நீங்களே கணக்குப் போடலாம். மூன்று ஆண்டு நம் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது, வெளிநாட்டில் 2 சதவீதம், ரூபாய் அசையவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.06ஐ மூன்று முறை பெருக்கினால் 1.191. 1.02ஐ மூன்று முறை பெருக்கினால் 1.061. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.122. வரியில் ஒரு பைசா குறைக்காமலேயே உங்கள் பாதுகாப்பு 12 சதவீதம் கரைந்துவிட்டது. மேலே வரிக் குறைப்பும் சேர்ந்தால் அடி இரட்டிப்பு. கையால் போட நேரமில்லாதவர்களுக்கு ரிசர்வ் வங்கி தன் மாத இதழில் 40 நாணயங்களுக்கு எதிரே, விலைவாசி வித்தியாசத்தையும் சேர்த்து ரூபாயை அளக்கும் மெய்ம்மதிப்புக் குறியீட்டை (REER) தருகிறது. அது மூன்று ஆண்டாக ஒரே திசையில் ஏறியிருந்தால் அப்போது அறிவிக்கப்படும் எந்த வரிக் குறைப்பையும் நம்பாதீர்கள்.

போட்டி நாட்டின் நாணயத்தையும் பார்க்க வேண்டும். 2022இல் இலங்கை ரூபாய் டாலருக்கு 200 அருகிலிருந்து சில வாரங்களிலேயே 360 அருகே விழுந்தது. இலங்கைத் தேயிலை இங்கே கொட்டும் என்ற பயம் எழ அது ஒன்றே போதும். ஆனால் 2021இல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டதில் அங்கே விளைச்சலே குறைந்திருந்தது. நாணயம் விழுந்தால் சரக்கு வரும் என்று முடிவு கட்டும் முன், அனுப்பச் சரக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

யாருக்கு லாபம், எப்போது: மூன்று மதிப்பெண்

வரிக் குறைப்பில் நஷ்டப்படுபவருக்கு அது முதல் நாளே தெரியும். ஊர், பெயர், சங்கம் எல்லாம் உண்டு. லாபம் பெறப்போகிறவருக்குத் தான்தான் அந்த ஆள் என்று இரண்டு ஆண்டு கழித்தும் தெரியாமல் இருக்கும். இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான திறப்புகள் சாகின்றன. நிலைக்க வேண்டுமானால், எதிர்ப்பு திரளும் முன்பே லாபத்தைக் கையில் பிடித்திருக்கும் ஒரு கூட்டம் உருவாக வேண்டும்.

இலங்கையின் இரண்டு முயற்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1968இல் டட்லி சேனநாயக்க அரசு இரட்டை மாற்று விகிதம் கொண்டுவந்தது. புதிய ஏற்றுமதிகளுக்குக் கூடுதல் விகிதம், அதாவது ஒரு டாலருக்குக் கூடுதல் ரூபாய். தேயிலை, ரப்பர், தேங்காய்க்குப் பழைய விகிதமே. நாட்டுக்கு டாலர் கொண்டுவந்த பொருள்களுக்கே பலன் கிடைக்கவில்லை. புதிய ஏற்றுமதியோ கையளவு. 1970இல் ஆட்சி மாறியதும் திறப்பு முடிந்தது. கட்டுப்பாடுகள் முன்பைவிட இறுகின. கூடலூர், கோத்தகிரி டேன்டீ (தமிழக அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் முதியவர்கள் 1973, 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தையும் பாண் (ரொட்டி) வரிசையையும் இன்றும் சொல்வார்கள். 1977இல் ஜெயவர்த்தன அரசு விகிதத்தை ஒன்றாக்கி, நாணயத்தையும் இறக்கியது. ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. 1980களின் பின்பாதியில் ஆடை ஏற்றுமதி தேயிலையை முந்தியது. 1994இல் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தபோது அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் வீடுகள் எல்லாத் தொகுதியிலும் இருந்தன. சந்திரிகா அரசு அதைத் திருப்பவில்லை.

இந்தியாவில் 1991இல் செய்த முறையும் இதுவே. ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயை டாலருக்கு 21இலிருந்து 26 அருகே இறக்கினார்கள். மறுநாளே ஏற்றுமதி மானியத்தை நிறுத்தி, ஏற்றுமதி மதிப்பில் 30 சதவீதத்துக்கு விற்கக்கூடிய இறக்குமதி உரிமச் சீட்டு கொடுத்தார்கள். திருப்பூர் பனியன்காரர் அந்தச் சீட்டை விற்றுக் காசு பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மூலப்பொருள், இயந்திர வரி முதலில் குறைந்தது. மக்கள் வாங்கும் நுகர்பொருள்களின் கட்டுப்பாடு 2001 வரை இருந்தது. அதிகம் கத்தக்கூடியவர்களைக் கடைசியில் தொட்டார்கள். இந்த வரிசை நியாயமா என்று வாதிடலாம். நிலைத்ததற்கு அது ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1996, 1998, 2004 என்று ஆட்சிகள் மாறியும் விவசாயம் அல்லாத பொருள்களின் உச்ச வரி 2007 வரை இறங்கிக்கொண்டே வந்து 10 சதவீதத்தில் நின்றது.

1966ஐ எதிரே வையுங்கள். ஜூன் 6 அன்று டாலர் 4.76இலிருந்து 7.50 ரூபாய் ஆனது. ஆனால் அன்றே ஏற்றுமதி மானியங்கள் போயின. தேயிலை, சணலுக்கு ஏற்றுமதி வரி விதித்தார்கள். குன்னூரிலிருந்து சரக்கு அனுப்பியவருக்கு மதிப்புக் குறைப்பின் பலனில் பெரும்பகுதி வரியிலேயே போனது. தருவதாகச் சொன்ன வெளிநாட்டு உதவி தொடரவில்லை. அடுத்தடுத்து இரண்டு ஆண்டு வறட்சி. காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரே எதிர்த்தார். சில மாதங்களில் மானியங்கள் திரும்பின. பின்னாலேயே இறக்குமதிக் கட்டுப்பாடும் இறுகியது.

எனவே செய்தி வந்ததும் ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். பதினெட்டு மாதத்துக்குள் யார் கையில் காசு கூடும், யார் கையில் குறையும்? முதல் பட்டியலில் "நுகர்வோர்" என்று மட்டும் எழுத முடிந்தால் மதிப்பெண் பூஜ்யம். நுகர்வோர் ஊர்வலம் போவதில்லை.

கஜானாவின் ஓட்டை: இரண்டு மதிப்பெண்

1990-91இல் மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் ஏறக்குறைய 36 சதவீதம் சுங்க வரி. அதைக் குறைப்பது என்றால் சம்பளத்துக்கும் வட்டிக்கும் வேறு வழி காட்ட வேண்டும். வரிச் சீர்திருத்தத்துக்காக அமைத்த ராஜா செல்லையா குழு அதைத்தான் வகுத்துக் கொடுத்தது. 1994இல் மூன்று சேவைகள் மீது 5 சதவீதமாகத் தொடங்கிய சேவை வரி, 2005இல் மாநிலங்களின் மதிப்புக் கூட்டு வரி, 2017இல் ஜிஎஸ்டி என்று மாற்று வருவாய் எழுந்தது. இன்று சுங்கத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே.

மாற்று வருவாய் இல்லாத நாடுகள் வேறு பெயரில் வரியைத் திரும்பக் கொண்டுவரும். இலங்கை சுங்க வரியைக் குறைத்துக்காட்டி, செஸ், துறைமுக விமான நிலைய வரி என்று மேலே அடுக்கியது. அட்டவணையைப் பார்த்தால் திறந்த நாடு. கன்டெய்னரை எடுக்கும்போது மூடிய நாடு. ஆகவே அடிப்படைச் சுங்க வரியை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், கூடுதல் தீர்வைகள் எல்லாவற்றையும் கூட்டிய பிறகு வரும் எண்ணைக் குறியுங்கள்.

கூட்டிப் பார்ப்பது

பத்துக்கு ஏழு வந்தால் திறப்பு நிரந்தரம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். நான்குக்குக் கீழே என்றால் மூன்று ஆண்டுக்குள் திரும்பும் என்று எதிர்பாருங்கள். 1966க்கு இந்த முறையில் மூன்று வரும், 1991க்கு எட்டு. இது அறிவியல் அளவுகோல் இல்லை. பல காரணங்களில் எதை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்தும் உதவி மட்டுமே.

நடுவில் விழுந்தவற்றை முதல் இரண்டு ஆண்டின் அதிர்ச்சி முடிவு செய்யும். மழை பொய்ப்பது, எண்ணெய் விலை, உணவு விலை. கானாவில் 1971 டிசம்பர் இறுதியில் நாணய மதிப்பைக் கடுமையாகக் குறைத்தார்கள்; மூன்று வாரத்துக்குள் ராணுவம் ஆட்சியைப் பிடித்து அதைத் திருப்பியது. ஜாம்பியாவில் இறக்குமதியாளர்களுக்கு டாலரை ஏலத்தில் விற்க 1985 அக்டோபரில் தொடங்கிய முறை, 1986 டிசம்பரில் மக்காச்சோள மாவு விலை ஏற்றத்தால் வெடித்த கலவரத்துக்குப் பின் 1987 மேயில் கைவிடப்பட்டது.

சத்தமில்லாமல் திரும்புவது

இப்போதெல்லாம் திறப்பு ஒரே நாளில் கவிழ்வது குறைவு. குறைந்தபட்ச இறக்குமதி விலை, தரச் சோதனை, குறிப்பிட்ட துறைமுகம் வழியாக மட்டும் என்ற நிபந்தனை, பொருள் குவிப்புத் தடுப்பு (ஆன்டி-டம்பிங்) வரி என்று ஓரம் ஓரமாக அரிக்கும். இந்தியாவின் சராசரி வரி 2014இல் 13 சதவீதம் அளவில் இருந்தது; 2019இல் 17ஐத் தாண்டிவிட்டது. பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாமலே இது நடந்தது.

கீழ்ப் பழனி மலை மிளகுக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இலங்கை ஒப்பந்தத்தில் 2,500 டன் மிளகு வரியில்லாமல் வரலாம். வியட்நாம் மிளகு அந்த வழியில் நுழைகிறது என்ற புகார் வலுத்தது. 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வந்தது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழே இறக்குமதியே தடை. உள்ளூர் விலை 500க்கு ஏறும் என்று சரக்கைப் பூட்டி வைத்தவர்கள் ஏமாந்தார்கள். விலை மேலும் இறங்கியது. உலகச் சந்தையில் மிளகு தேங்கிக் கிடந்தபோது எல்லையில் எழுதிய விலை உள்ளூர் மண்டியை இழுத்துப் பிடிக்கவில்லை. திறப்பு திரும்பினால் பழைய விலையும் திரும்பும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இலை விலைக்குக் கொண்டுவருவது

கடைசிப் படி இதுதான். பலரும் இதைச் செய்வதில்லை. ஏல சராசரி கிலோ 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் இலை கொடுத்த விவசாயியின் பங்கு 65 சதவீதம் என்றால் 71.50. நூறு கிலோ இலைக்கு 24 கிலோ தூள் விழுந்தால், இலை விலை 17.16 ரூபாய். இறக்குமதியால் ஏலம் 10 ரூபாய் இறங்கினால் 15.60. ஏக்கருக்கு 4,000 கிலோ எடுப்பவருக்கு ஆண்டில் 6,240 ரூபாய் நஷ்டம். அதே தோட்டத்தில் முற்றிய இலை கலந்து தூள் விகிதம் 24இலிருந்து 22க்குப் போனால் இலை விலை 15.73. ஏறக்குறைய அதே நஷ்டம், எந்த வெளிநாட்டுச் சரக்கும் வராமலே.

சரக்கு வரத்தான் போகிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டுத் தேயிலை துறைமுகத்தில் 130 ரூபாய்க்கு இறங்கினால், கூடுதல் தீர்வைகளைச் சேர்க்காமலேயே 100 சதவீத வரியில் 260, ஆசியான் வரியில் 188.50, இலங்கைச் சலுகையில் 139.75. ஏலம் 110இல் இருக்கும்வரை மூன்று வழியிலும் உள்நாட்டு விற்பனைக்கு லாபமில்லை. வருவதில் பெரும்பகுதி கலந்து மறு ஏற்றுமதி செய்ய வருவது. அது உள்ளூர்ச் சந்தையில் கசிகிறதா என்பதைத்தான் தேயிலை வாரியத்திடம் விடாமல் கேட்க வேண்டும். இலங்கையின் ஒன்றரைக் கோடி கிலோவும் முழுசாக வந்தாலும், 130 கோடி கிலோவைத் தாண்டிய இந்திய உற்பத்தியில் அது நூற்றுக்கு ஒன்றை ஒட்டித்தான். நீலகிரியில் இலை விலை சரியத் தொடங்கியது 1998, 1999இல், அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் முன்பே. அப்போது நம் டஸ்ட்டை வாங்கிய ரஷ்யாவில் ரூபிள் விழுந்திருந்தது. அந்த ஆண்டுகளில் பட்ட வேதனைக்கு நியாயமான காரணத்தைச் சரியாகச் சொல்லியிருந்தால், கோரிக்கையும் சரியான கதவைத் தட்டியிருக்கும்.

ஆண்டுக்கு மூன்று முறை இந்தத் தாளைத் திருத்துங்கள். பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட் வந்ததும், உரையை விட்டுவிட்டு அன்று மாலை வெளியாகும் சுங்க அறிவிப்புகளில் உங்கள் எண்ணைத் தேடுங்கள். ஏப்ரலில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இறக்குமதிக் கொள்கை மாறியிருக்கிறதா பாருங்கள். அக்டோபரில் மாற்று விகிதக் குறியீட்டை முந்தைய மூன்று ஆண்டோடு ஒப்பிடுங்கள். மதிப்பெண் இரண்டு புள்ளி நகர்ந்தால் மட்டும் நடவுத் திட்டத்தைத் தொடுங்கள். அதற்குக் குறைவான அசைவுக்கு, கவாத்து வருஷத்தை முன்பின் தள்ளிப்போடுவது போதும்.